ரொட்டிக்கடை மாமன்னர்

"உங்க மூக்கை நேத்து ஜப்பான்ல பாத்தேன், லியோன்சியோ ஐயா," என்றாள் உபெர்லிந்தா.

ரொட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்த லியோன்சியோ நிமிர்ந்தான். உபெர்லிந்தா மீன் விற்பவள். எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"மூக்கு இங்கதானே இருக்கு?"

"இங்க ஒண்ணு இருக்கு. கீழே மண்டபத்துல இன்னும் ஒரு டஜன் இருக்கு. போய்ப் பாருங்க."

விஷயம் இதுதான். தெற்கே ஒரு தீவிலிருந்து போன வருடம் சிலி நாட்டுத் துறைமுக நகரமான வால்பரைசோவுக்கு வந்து, ரொட்டிக்கடை இருக்கும் இதே குன்றில் குடியேறியவள் மிர்த்தா. நீர்வண்ண ஓவியம் வரைபவள். எந்தெந்த நாட்டில், எந்தெந்தக் காலத்தில் மனித முகத்தை எப்படியெல்லாம் வரைந்தார்கள் என்று பழைய ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்து, அந்தந்த முறையில் தானும் வரைந்து, குன்றுக்குக் கீழே துறைமுக மண்டபத்தில் கண்காட்சி வைத்திருந்தாள். முறைதான் வேறு வேறு. முகம் ஒன்றே. அது ரொட்டிக்கடை லியோன்சியோவின் முகம் என்று குன்று முழுக்கப் பேச்சு.

அன்றிலிருந்து அவனால் நிம்மதியாக ரொட்டி விற்க முடியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, மாமன்னர் மனசு வைத்தால் நாலு ரொட்டி வேண்டும் என்றார். எதிர்வீட்டுப் பெண் ரொட்டியை வாங்கிக்கொண்டு சிலுவைக்குறி போட்டாள். எத்தியோப்பியாக் கோயில் சுவர்ப் பாணியில் அவன் புனிதராகிக் குதிரையேறி நிற்கிறானாம்.

லியோன்சியோவுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. மிர்த்தா தினமும் காலையில் கடைக்கு வருவாள். வணக்கம் என்பாள், ரொட்டி வாங்குவாள், நன்றி என்பாள், போய்விடுவாள். அவ்வளவுதான் பழக்கம். அப்படிப்பட்டவள் எப்போது இவ்வளவு உற்றுப் பார்த்தாள்? இதை யோசித்து யோசித்தே இரண்டு தடவை மாவு புளித்துப் போயிற்று.

"ஒரு பொம்பள ஒருத்தன் மூக்கை ஒருதடவ வரைஞ்சா அது படம். பன்னெண்டு தடவ வரைஞ்சா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் உபெர்லிந்தா.

"மூக்கு பெருசுன்னு அர்த்தம்," என்றான் லியோன்சியோ. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மழமழவென்று சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.

போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சுவர் முழுக்க அவன்தான். ஜப்பான் நாடக நடிகனாக ஒன்றரைக் கண்ணில் முறைத்தான். மொகலாய மன்னனாகப் பக்கவாட்டில் திரும்பி ரோஜாவை முகர்ந்தான். பழைய எகிப்தில் சவப்பெட்டி மேல் வரைந்த முகமாகி, பெரிய கண்களால் யாரையோ தேடினான். மன்னனானாலும் புனிதனானாலும் புருவத்தில் மாவு படிந்திருந்தது. இத்தனை அழகாகத் தன்னை யாரும் பார்த்ததில்லை என்று தோன்றியது.

கூட்டம் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. மிர்த்தா அருகில் வந்தாள்.

"கோபமா?" என்று கேட்டாள்.

"கோபமில்ல. ஏன்னு கேக்கத்தான் வந்தேன்."

உபெர்லிந்தா இரண்டடி முன்னால் வந்து நின்றாள். மிர்த்தா கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பெரிசா ஒண்ணுமில்ல. அந்தக் காலத்து ஓவியனுங்க அவங்கவங்க எதிர்ல இருந்தவங்களத்தான் வரைஞ்சாங்க. அரண்மனையில இருந்தவன் ராஜாவ வரைஞ்சான். நாடகக் கொட்டகை பக்கத்துல இருந்தவன் நடிகன வரைஞ்சான். என் ஜன்னலத் திறந்தா உங்க கடைதான் தெரியுது. வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?"

லியோன்சியோ மெல்லக் கேட்டான். "எதிர்ல மீன்கடை இருந்திருந்தா?"

"உபெர்லிந்தாவுக்கு மீசை வச்சு மன்னராக்கியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். புதுச் சட்டையின் கழுத்து இறுக்கியது.

மறுநாளே கேலி அடங்கிவிட்டது. ஜன்னல் கதை குன்று முழுக்கப் பரவியிருந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றாமலே ரொட்டி கேட்டார். கேலி போனதற்கு ஏன் வருத்தமாக இருக்கிறது என்று லியோன்சியோவுக்கே புரியவில்லை.

அந்த வாரம் மிர்த்தா கடைக்கு வரவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று உபெர்லிந்தா சொன்னாள். அவளைத் தனியாக விடுவது நன்றாயிருக்காது என்று, லியோன்சியோ சூடான ரொட்டியும் சூப்பும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுச் சந்தில் ஏறினான். விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒற்றை அறை. கட்டிலில் கம்பளிக்குள் சுருண்டிருந்த மிர்த்தா அவனைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அவன் கையமர்த்தி, சூப்பை ஊற்றிக் கொடுத்தான். அவள் இரண்டு வாய் குடித்தாள். அறை ஈர வண்ணமும் காய்ச்சலுமாகப் புழுங்கியது.

"கொஞ்சம் காத்து வரட்டும்," என்று லியோன்சியோ எழுந்தான்.

"வேணாம், எனக்குக் குளிருது," என்றாள் மிர்த்தா அவசரமாக.

அதற்குள் அவன் அந்த அறையின் ஒரே ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தான். கைநீட்டினால் தொடும் தூரத்தில், பக்கத்து வீட்டின் தகரச் சுவர் வானம்கூடத் தெரியாமல் மறைத்து நின்றது.

அவன் திரும்பிப் பார்த்தபோது மிர்த்தா கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.