ஒரே சஹன்

"ஒன்னு போதுமாண்ணே?" என்றான் பிரியாணி சமைக்கும் பண்டாரி சித்தீக்.

"ஒன்னே ஒன்னுதான். ரெண்டானா காரியம் கெட்டுடும். தலைவர் கை போற பக்கமா சோத்துக்குள்ள புதைச்சு வை."

"அதே சஹன்லதானே நீங்களும் உக்காரப் போறீங்க? உங்களுக்கு ஆகாதேண்ணே."

"ஆகாதுதான்," என்று சிரித்தார் ஜெக்கரியா.

பாவம், சிரிக்கிற நிலைமையிலா இருந்தார் மனிதர்? இருபது வருஷம் பரிதிக்கு மூளையாக இருந்தவர். திருப்பனந்தாளில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவரை டெல்லிவரை கொண்டுபோய் ஒரு தேசியக் கட்சிக்கே தலைவராக்கியவர். ஆலோசகன் வெளியே தெரியக் கூடாது என்று ஒரு போட்டோவில்கூட நின்றதில்லை. அந்த ஆலோசனையும் அவருடையதுதான். கடைசியில் அதுவே ஆப்பாக வந்து முடிந்தது. நில மோசடி வழக்கு வந்ததும், ஜெக்கரியா என்ற ஆளைத் தான் பார்த்ததே இல்லை, தன் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றியிருக்கிறான் என்று கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டார் பரிதி. அந்தச் சத்தியம் நின்றால் ஜெயில் ஜெக்கரியாவுக்கு மட்டும்தான்.

கும்பகோணத்தில் கட்சிக்காரர் மீரா சாகிப் வீட்டுக் கல்யாணம். தேர்தல் நேரம், டிவிக்காரர்கள் புடைசூழ வந்தார் தலைவர். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து சாப்பிடும் சஹன் விருந்து. உட்கார்ந்த பிறகுதான், எதிரில் கல்யாணப் பெண்ணின் தாய்மாமனாக உட்கார்ந்திருப்பது யாரென்று கவனித்தார். முகம் வெளிறிவிட்டது. எழுந்து போனால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. ஓட்டு போச்சு.

பழம்பெருச்சாளி அல்லவா? கேமராவைப் பார்த்துக்கொண்டே, "நமக்குப் பழக்கமில்லையே. பேரு என்னங்க?" என்றார்.

"ஜெக்கரியாங்க. சாப்பிடுங்க."

அவர் முதல் கவளம் எடுக்கும்வரை பரிதி சோற்றில் கை வைக்கவில்லை. எடுத்த பிறகு நிம்மதியாகி, பக்கத்தில் இருந்த மீரா சாகிபிடம் காவிரித் தண்ணீர் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறும் தெரியாது, ஆளும் தெரியாது. ஜெக்கரியாவுக்குத் தெரியாதா அது?

பேச்சு மும்முரத்தில் விரல்கள் சோற்றைத் துழாவின. புதைத்து வைத்ததைத் தொட்டன. குனிந்துகூடப் பார்க்கவில்லை, வாய்க்குப் போய்விட்டது. ஜெக்கரியாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. என்னதான் செய்தாலும் பழகிய மனிதர் ஆயிற்றே. தன் பங்கை அவரும் எடுத்து விழுங்கினார்.

அடுத்த வாரம் கோர்ட்டில் ஓடிய கல்யாண வீடியோவில், தான் பார்த்தேயிராத அந்த ஆளுக்கு மஞ்சள்கரு ஆகாதென்று, சோற்றில் கிடைத்த ஒற்றை அவித்த முட்டையைப் பிட்டு, மஞ்சளைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெள்ளையை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினார் தலைவர்.