சக்கரத்துக்குக் கட்டை

ஓயாத மழை பின்னாலேயே துரத்துவதால் எங்கள் ஏழு மாடி நகரம் சக்கரங்களின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். வடம் இழுப்பது கீழ்மாடிக்காரர்களான நாங்கள். நின்றால் சக்கரம் சேற்றில் புதைந்து ஊரே முழுகிவிடும் என்பதால், விழுந்தவனைத் தாண்டிப் போவதுதான் சட்டம். இன்று பெரிய சக்கரத்துக்கு முன்னால் இடறி விழுந்தவன் மொக்கையன். திருப்பங்களில் அந்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவள் அவன் மனைவி ஒச்சம்மா.

"கட்டையப் போட்டுறாத ஒச்சம்மா! மேல எம்புட்டுப் பிள்ளைக இருக்கு!" என்று மேஸ்திரி கத்தினார்.

"பெத்தவுக எறங்கி வந்து இழுக்கட்டும் மேஸ்திரி."

கட்டையைச் செருகிவிட்டாள். நகரம் முனகிக்கொண்டு நின்றது. ஏழு மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. மொக்கையன் எழுந்து மண்ணைத் தட்டினான். நாங்கள் யாரும் வடத்தைத் தொடாமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் பிடரியில் முதல் துளி விழுந்தது.