தொப்பிக்கு வயது சொல்பவர்

"இது என் கை பட்ட தொப்பிம்மா. உள்பட்டை நான் மாத்திக் குடுத்தது" என்றார் தொப்பிக்காரர். அவள் அதைப் பையிலிருந்து முழுசாக வெளியே எடுக்கக்கூட இல்லை.

தெருவில் அவரை ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பழைய தொப்பிக்கும் வயது சொல்லிவிடுவார், அதுவும் யாரும் கேட்பதற்கு முன்பே. அந்தப் பட்டப்பெயரை அவரே பரப்பியதாகவும் ஒரு பேச்சு உண்டு.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நிஜமாவா ஐயா? எங்கப்பா அவர் தொப்பிக்கு இந்தக் கடையிலதான் பட்டை மாத்தினார்."

"அப்புறம் என்ன? இது அப்பா தொப்பிதான். எனக்கு யாரும் குல்லா போட முடியாது."

சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. உச்சி நசுங்கி, விளிம்பு தொங்கி, இரண்டு மூன்று இடத்தில் பூச்சி அரித்துப் பரிதாபமாக இருந்தது. வெளி ரிப்பனில் ஒரு சொட்டு சிவப்பு அரக்கு காய்ந்து ஒட்டியிருந்தது.

அவர் கெட்டிலைப் போட்டார். ஆவி வந்ததும் தொப்பியை அதில் காட்டி, நசுங்கிய உச்சியை உள்ளேயிருந்து விரலால் தள்ளி, மர அச்சின் மேல் கவிழ்த்தார். பிரஷ் ஒரே பக்கமாக ஓடியது. தூசி போனதும் தொப்பிக்குக் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. பிறகு அந்த அரக்கைச் சுரண்டக் கத்தியை எடுத்தார்.

"அதை விட்டுடுங்க ஐயா."

"அசிங்கமா இருக்கேம்மா."

"இருக்கட்டும். எனக்கு இது அழகாகணும்னு இல்ல. அப்பாவோடதுதானான்னு தெரிஞ்சா போதும். பட்டையைப் பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

"பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தொப்பியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, உள்ளே நெற்றியைச் சுற்றி வருகிற தோல் பட்டையின் தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார். வாய் சும்மா இருக்குமா?

"இதை அப்பாவையே கேட்டிருக்கலாமே?"

"போன மாசம் இறந்துட்டார்."

"அடடா."

"இது ஒரு வீட்டுல கிடைச்சது. அவர் போயிருக்கக் கூடாத வீடு. இது என் தொப்பி இல்ல, அந்த வீட்டுப் படியே நான் ஏறினதில்லன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னார். அம்மா நம்பல. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு, நானும் நம்பல. அதுக்கப்புறம் பத்தொன்பது வருஷம் தனியாக் கிடந்தார். ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கல."

தொப்பிக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்படித்தான் அவர் நினைத்தார். ஏதோ சின்ன வீட்டுச் சமாச்சாரம், இதற்கு மேல் துருவக் கூடாது.

"மாட்டிக்கிட்ட ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. தொப்பி அவரோடதுன்னா உங்க மேல தப்பே இல்ல."

"அதைக் கேட்கத்தான் வந்தேன்" என்றாள். பெற்ற அப்பா தப்பு செய்தவராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இல்லையென்றால் அந்தப் பத்தொன்பது வருஷத்துக்கு அவள் யாரிடம் போய்ப் பதில் சொல்வாள்?

தோல் பட்டை கழன்று வந்தது. கூடவே சரக்கென்று ஏதோ கிழிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் பார்த்தார்.

"என்ன ஐயா?"

பட்டைக்குப் பின்னால் நகம் அளவில் ஒரு காகிதம். பாதி தோலில் ஒட்டியிருந்தது, பாதி தொப்பியில். ஓரமெல்லாம் பழுத்துப் போயிருக்க, கிழிந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது ஃபாக்டரியில ஒட்டற அளவுச் சீட்டும்மா. பட்டையை முன்னாடியே யாராவது பிரிச்சிருந்தா அப்பவே கிழிஞ்சிருக்கும். இப்பதான் என் கையில கிழியுது." அறுத்த நூலையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தொப்பிக்கு அம்பது வயசு. பட்டைக்கும் நூலுக்கும் அதே அம்பது. செஞ்ச நாள்லேருந்து இதை யாரும் மாத்தல."

"நீங்க?"

"நானும்தான்." அவர் சிரித்துவிட்டார். "நான் மாத்தினது வேற ஏதோ சாம்பல் தொப்பி. இது உங்கப்பாவோடது இல்ல."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அப்பா கடைசியாகப் போட்ட கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. இனி அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

"முகம் ஏன் இப்படிப் போச்சு? நல்ல சேதிதானேம்மா? அப்பா சொன்னது நிஜம். அவர் அந்த வீட்டுக்குப் போகவே இல்ல."

"முதல்ல வேற மாதிரி சொன்னீங்களே ஐயா."

"அது பார்த்த பார்வைக்குச் சொன்னது. ஒரு வார்த்தை தப்பா வந்துடுச்சு. அதனால இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

அவள் எழுந்து வந்து, ரிப்பனில் இருந்த அரக்குச் சொட்டை விரலால் தடவினாள்.

"இது கோர்ட்ல வெச்ச சீல். அன்னிக்கு அங்க சாட்சி சொன்னப்பவும் பார்த்த பார்வைக்குத்தான் சொல்லியிருக்கீங்க. அந்தக் கொலைக்காக எங்கப்பா ஜெயில்லயே செத்தார்."