பச்சை எரிந்த பிறகு

ஹாக்கிப் பந்து நிறைமதியின் நெற்றியில் பட்டதை மரகதம் வேலியோரம் நின்று பார்த்தாள். விழுந்த மகள் தானாகவே எழுந்து நின்றாள். உடனே, அடிபட்டால் மூளையைச் சோதிக்கும் அவள் தலைப்பட்டை கேள்வி கேட்கத் தொடங்கியது. வீட்டார் முன்பே சொல்லிவைத்த பதிலோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். மூளை அதிர்ந்து பதில் பிசகினால் சிவப்பு எரியும்.

“பேரு என்ன?”

“நிறைமதி.”

“வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?”

“அம்மா, அப்பா, நான்.”

பச்சை எரிந்தது.

“கல்லு மண்டை அக்கா உங்க பொண்ணுக்கு,” என்று சிரித்தபடி பயிற்சியாளர் ஜோதி மட்டையை எடுத்து நீட்டினாள். மரகதம் அதற்குள் மைதானத்தில் இறங்கியிருந்தாள்.

“ஆட வேண்டாம் டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“பச்சைதானக்கா எரியுது?”

“அவங்கப்பா தவறி ஒரு வருஷமாச்சு. பட்டையில இருந்து அவரு பேர எடுக்க எனக்குத்தான் மனசு வரல.”

ஜோதி மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆட்டோவில் நிறைமதி வெளிச்சம் கூசி, அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள்.

“அப்பாகிட்ட சொல்லிராதம்மா. இனிமே ஆட விடமாட்டாரு.”

“சொல்லல தாயி,” என்றாள் மரகதம்.