இரண்டு தாத்தாக்கள்

காலையில் பிறந்த குழந்தைக்குச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வால் இருந்தது. வாலால் ஒன்றுமில்லை, இதயம்தான் பலவீனம் என்றார் மருத்துவர். சாயங்காலத்துக்குள் அது நின்றுவிட்டது. சபையில் உபதேசியாராக இருந்த ஜெபசிங், குழந்தையைத் துடைக்க வந்த நர்ஸிடம் வாலைக் காட்டி, "இதை மட்டும் எடுத்துடுவீங்களா சிஸ்டர்? ஆண்டவர்கிட்ட இப்படி எப்படி அனுப்புறது?" என்று கேட்டான். பள்ளியில் விலங்கியல் நடத்தும் அவன் மனைவி மெர்லின் கட்டிலிலிருந்து, "வேண்டாங்க. வயித்துக்குள்ள எல்லாருக்கும் இருக்கறதுதான். நமக்கு மறைஞ்சிடுச்சு, அவளுக்கு மறையல" என்றாள். மனிதன் குரங்கிலிருந்து வந்தானா, ஆண்டவர் மண்ணால் செய்தாரா என்று கல்யாணமான நாள் முதல் அவர்களுக்குள் ஒரு விளையாட்டுச் சண்டை. சோறு பரிமாறும்போது அவன் "உன் தாத்தா குரங்கு" என்பான். அவள் "உங்க தாத்தா களிமண்ணு" என்பாள். பிள்ளை யார் கட்சி என்று அவள் வயிற்றில் காது வைத்துக்கூடக் கேட்டிருக்கிறான். இப்போது அது பதில் சொல்லிவிட்டதைப்போல வால் சுருண்டு கிடந்தது. ஜெயித்தவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். அவன் நர்ஸிடமிருந்து ஈரத்துணியை வாங்கி, தானே குழந்தையைத் துடைத்தான். வாலையும் துடைத்து, மடங்காமல் துணிக்குள் வைத்துச் சுற்றினான்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், கையில் அள்ளிய மண்ணை அவனால் குழிக்குள் போட முடியவில்லை. முந்தைய நாள் மழையில் நனைந்த களிமண் அது. மெர்லின் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடுங்க. உங்க தாத்தாதானே. பார்த்துப்பார்."

"உன் தாத்தாவும் கூடத்தான் போறார்" என்றான் அவன்.

மூடிய விரல்களுக்கிடையே களிமண் பிதுங்கிக்கொண்டிருந்தது.