தாகம் அறியாத விதை

தாட்சாயணி சோதனையை மூன்றாம் முறையும் செய்து பார்த்துவிட்டாள். அதே வம்புதான் வந்து நின்றது.

திருப்பதி ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடமாக அவள் வேர்க்கடலையிடம் கேட்டு வந்தது ஒரே கேள்வி. தாய்ச்செடி பட்ட தாகம் பிள்ளைச் செடிக்குத் தெரியுமா?

தெரியும் என்பது அவள் கட்சி. தண்ணீரில்லாமல் வாடிய செடியின் மரபணு மாறுவதில்லை. ஆனால் அதன் மேல் சின்னச் சின்ன வேதித் தழும்புகள் விழுகின்றன. அவை விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் இறங்குகின்றன.

நிரூபிக்க இரண்டு வகை விதை வேண்டும். வறட்சியில் விளைந்தது ஊரெல்லாம் கிடைத்தது. தாகமே அறியாத விதைக்கும் அவள் அலையவில்லை. நகரிக்குப் பக்கத்தில் அவள் நைனா வேங்கடாசலத்துக்கு போர்வெல் போட்ட நிலம் இருந்தது. வருடா வருடம் அவரே மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். தண்ணீர் எப்படி என்று போனில் கேட்டால், கொட்டுது என்பார். அதை அப்படியே ஆய்வில் எழுதிக்கொள்வாள்.

அவள் ஊருக்குப் போனாலும் நிலத்துப் பக்கம் விடமாட்டார். வெயிலில் கறுத்துப் போவாளாம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணாம்.

இப்போது அந்த விதையில் முளைத்த செடிகளில்தான் தழும்பு மண்டிக் கிடந்தது. வறட்சி விதையில் இருந்ததைவிட அதிகம்.

ஆய்வு வழிகாட்டி விஜயராகவன் கத்தவில்லை. விதை கலந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் முறையே தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். முறை தப்பென்றால் ஆய்வு போச்சு. அடுத்த வாரம் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். அதுவும் போச்சு.

விதை கலக்கவில்லை. வேறு செடிகளில் முறை சரியாகவே வேலை செய்தது. தப்பு தன் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நைனாவுக்கு போன் போட்டாள்.

"நைனா, நம்ம போரு வத்திப்போயி எத்தினி வருசமாச்சி?"

அவர் பக்கத்தில் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"உன்கு யாரும்மா சொன்னாங்கோ?" என்றார்.