இமயவரம்பன் சம்சாரம்

"பேரச் சொன்னா கூட்டம் கை தட்டணும், மாஸ்டர். விழுந்து விழுந்து சிரிக்கப்படாது!"

சொன்னவர் தோட்டத்துச் சங்கத் தலைவர். நிமிர்ந்து நின்றால் தேயிலைச் செடிக்கு மேல் ஒரு சாண் தலை தெரியும். குரல் மட்டும் அடுத்த மலைவரைக்கும் போகும். போன கூட்டத்தில், அட்டன் டவுனில், அத்தனை சனத்துக்கு முன்னால் எவனோ ஒலிபெருக்கியில் அவருடைய பெயரை முழுசாகச் சொல்லித் தொலைத்துவிட்டான். கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவருக்குப் பேச வந்த பேச்சே மறந்துபோனது.

வருகிற ஞாயிறு மறுபடியும் அட்டனில் கூட்டம். ஜில்லாத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்தப் போகிறார்கள். இன்னொரு தரம் சிரித்தார்களானால் பதவி கோவிந்தா.

"எனக்கு முன்னால பொறந்ததெல்லாம் தங்கலன்னு, கண்ணு படாம இருக்க அப்படியொரு பேர வச்சுட்டாங்க. எமன் ஏமாந்துட்டான், சரி. அதுக்காக நான் காலம்பூரா அவமானப்படணுமா?"

தோட்டப் பள்ளிக்கூடத்து பத்திநாதன் மாஸ்டர் தாடையைத் தடவினார். சாமி, அப்பன் என்று பெயர் முடிகிறவர்களெல்லாம் இந்தியப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, ராத்திரி படுத்து விடியும்போது தூய தமிழில் இளங்கோக்களாக எழுந்துகொண்டிருந்த காலம் அது.

"குணசீலன்னு வச்சுக்கலாமே?"

"குணத்த வச்சுக்கிட்டு சங்கம் நடத்த முடியுமா, மாஸ்டர்?"

"அமைதிநாதன்?"

"ஸ்ட்ரைக் பண்ற ஆளுக்கு அமைதியா? தொரமாரு சம்பளம் போட்டுக் கூப்புடுவாங்க."

"அப்ப... இமயவரம்பன். சேர ராசா பேரு. இமயமலை வரைக்கும் போயி வில் சின்னம் பொறிச்சவர்."

தலைவர் பெஞ்சைவிட்டு எழுந்தார். எழுந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "இமயவரம்பன்! ஆகா! இந்தப் பேரக் கேட்டாலே பெரிய தொரைக்குக் குளிர்காய்ச்சல் வரும். கொழும்பு கிடுகிடுன்னு ஆடும்!"

தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி அம்மாக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடி, வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நான் பேசறப்ப இவ எதிர்த்து ஒரு வார்த்த பேசினதில்ல," என்றார் தலைவர் பெருமையாக.

உண்மைதான். அம்மாக்கண்ணு அந்தக் காலத்து வளர்ப்பு. கட்டின புருசன் பெயரை வாயால் சொல்லாதவள். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட, பக்கத்து லயத்து வீட்டு வேலாயியைத்தான் சொல்லச் சொன்னாள். இந்தப் பெயர் மாற்றத்துக்கும் மூக்கைச் சிந்துவாள் என்றுதான் தலைவர் பயந்திருந்தார். அவளோ வேறு மாதிரிப் பேசினாள்.

"நல்ல காரியந்தாங்க. ஆனா அரைகொறையா செய்யாதீங்க. கோயில்ல வச்சு, சூடம் கொளுத்தி, பழைய பேர ஆத்தா காலடியில போட்டுடணும்."

"எங்க சர்ச் பாதர்னா ஒரு சொம்புத் தண்ணியத் தலையில ஊத்தி முடிச்சிருப்பாரு," என்றார் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், பூசாரி கந்தப்பன் தட்டை நீட்ட, தலைவர் பழைய பெயரை ஆத்தாளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"இன்னையோட அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல."

"இன்னும் கொஞ்சம் சத்தமா," என்றாள் அம்மாக்கண்ணு. "ஒட்டுமில்ல, ஒறவுமில்லன்னு சொல்லுங்க."

"ஒட்டுமில்ல, ஒறவுமில்ல!"

"இனிமே எவன் கூப்புட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டீங்களே?"

"சூடத்த அணைச்சே சத்தியம் பண்றேன். போதுமா?"

உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். அம்மாக்கண்ணுவின் கண் கலங்கிவிட்டது. புருசனின் உயர்வில் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை என்று தலைவர் பூரித்துப்போனார். கை மட்டும் கொஞ்சம் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி "இமயவரம்பன் அவர்களே!" என்று முழங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஆளைக் காணாமல் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கூட்டமே எழுந்து மரியாதை செய்ததாகத் தலைவர் எடுத்துக்கொண்டார். பதவியும் கிடைத்தது.

அந்தியில், முழங்கால்வரை தொங்கிய மாலையைக் கழற்றாமலே பஸ் ஏறி வந்து, லயத்து வாசலில் நின்றார். அம்மாக்கண்ணு அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பாரு, புள்ள! நாளைக்குக் காலையில ஆள் எண்ற பெரட்டுக்களத்துல பெரிய தொர கார நிறுத்தி, எறங்கி வந்து எனக்குக் கை குடுப்பாரு. கொழும்புல மந்திரிமாரு என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் கையெழுத்தே போடுவாங்க. நான் வெரல அசைச்சா இந்த மல இப்படியே..."

அம்மாக்கண்ணு விறகைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக, வாய் நிறையச் சொன்னாள்:

"மண்ணாங்கட்டி!"

தலைவர் கழுத்து மாலை அதிர, துள்ளிவிட்டார். "அடிப் பாவி! கட்டின புருசன் பேரச் சொல்லிட்டியேடி!"

"எம் புருசன் பேரு இமயவரம்பன்," என்றாள் அம்மாக்கண்ணு. "இது நீங்க வேணாம்னு ஆத்தா காலடியில போட்டது. கல்யாணமான நாள்லேருந்து, நீங்க வாயத் தொறக்குறப்பெல்லாம் எந்தொண்ட வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போன வார்த்தைங்க. வீணாப் போகுதேன்னு நான் எடுத்துக்கிட்டேன்."